நாதாங்கி

மூன்றாவது மாதிரியும் போயிற்று.
மடிப்பில் மயிரிழை விரிசல்,
தூக்கிப் பிடித்தால் அதன் வழியே தெருவிளக்கு.

தகட்டுக்கும் இழை உண்டு.
ஆலை உருளையில் எந்தப் பக்கமாய் ஓடி வந்ததோ
அதை அது மறப்பதில்லை.
இழைக்குக் குறுக்கே மடித்தால் பொறுத்துக்கொள்ளும்,
இழையோடு மடித்தால் பிளக்கும்.
தெரிந்தேதான் வெட்டினேன்,
மிச்சத் துண்டு வீணாகக் கூடாதே என்று.
சிக்கனம் மூன்று மாதிரிகளைத் தின்றது.

சாட்ஸ்வொர்த்தில், கார் இல்லாதவள் வீட்டு கராஜ்.
ஒரு வைஸ், இரண்டு அரம், தகட்டுக் கத்தரி.
சுவரில் மின்வெட்டு அட்டவணை:
இன்று எட்டிலிருந்து பத்தரை வரை இருட்டு.

கேட்டது பெரிய விஷயமில்லை.
கைப்பையின் வாய்க்கு இரண்டு பித்தளைச் சட்டங்கள்,
சேர்த்துப் பிடிக்க ஒரு கொக்கி.
இரண்டு குமிழ்கள் உரசிக்கொள்ளும் பழைய பூட்டு கப்பலில் வரவேண்டும்,
ஒன்றுக்குப் பதினெட்டு ராண்ட்.
தகட்டிலேயே முடித்தாக வேண்டும்:
முன்சட்டத்தில் ஒரு நா,
பின்சட்டத்தில் அதைத் தாங்க ஒரு துளை.
கதவுக்கு நாதாங்கி என்று பெயர் வைத்த ஆள்
என்னை விடக் கெட்டிக்காரர்.

சீரியல் அட்டையில் வெட்டிப் பார்த்தேன்,
பிறகு மத்தி மீன் டின்னில்.
டின் கொக்கி இரண்டு நாள் உழைத்தது.
பையெல்லாம் தக்காளிச் சாறு வாசம்.

தொண்ணூறு பாகை வேண்டுமென்றால்
தொண்ணூற்று நாலுக்கு மடிக்க வேண்டும்;
கையை எடுத்ததும் நாலு பாகை
தன்பாட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.
தோல் வெட்டும் ரெஜி மூட்லியிடம் சொன்னேன்.
"என் தம்பியும் அப்படித்தான்" என்றான்,
கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆறாவது வந்தது.
நாவின் நுனியில் ஆணியால் தட்டிய கடுகளவு புடைப்பு,
அது துளையில் இறங்கும்போது சத்தமே இல்லை.
விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, சொட்டு எண்ணெய் விட்டு
பூனை கண் மூடுவதுபோல் மூடவைத்தேன்.
அன்றிரவு ஆறிப்போன சோறும் ருசித்தது.

சனிக்கிழமை நொமூசா வந்தாள்.
வார்விக் சந்தையில் கடை,
அறுபது பைகளுக்கு முன்பணம் தந்தவள்.
திறந்தாள், மூடினாள்.
பையைத் தோளில் மாட்டி முதுகைத் திருப்பிக்கொண்டு
"இப்போது நீ திற" என்றாள்.

"திறந்தாயா?"

அப்போதே திறந்துவிட்டேன் என்றேன், பெருமையாக.

"அதுதான் கோளாறு.
டாக்ஸியில் பதினைந்து பேர்.
பின்னால் இருப்பவன் கை எங்கே என்று
எனக்கு எப்படித் தெரியும்?
இது கத்தணும்."

நா என்று பெயரையும் சொல்லிக்கொண்டு
ஒரு வாரமாய் அதை ஊமையாக்கியிருக்கிறேன்.

புடைப்பை உயர்த்தினேன்.
விளிம்பைத் தேய்க்காமல் விட்டேன்.
கழுத்தை ஒரு மில்லிமீட்டர் ஒடுக்கினேன், துள்ளட்டும் என்று.
டக்.
போதாது.
தகட்டையே கனமாக மாற்றினேன்.
எட்டரை மணி, மெழுகுவர்த்தி, தெரு முழுக்க இருட்டு:
டக்!
மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது.
நோட்டில் குறித்தேன்:
தகட்டின் கனம், புடைப்பின் உயரம், நாய்.

இரண்டு மாதம் கழித்து, ஊருக்குள்ளிருந்து திரும்பும் டாக்ஸி.
ஸ்பீக்கர் என் இருக்கைக்கு அடியிலேயே அதிர்கிறது.
அதையும் மீறிப் பின்வரிசையில்
டக்.
முன்னால் இருந்த மூன்று பெண்கள்
ஒரே சமயத்தில் மடியைத் தொட்டுப் பார்த்தார்கள்.
நானும்தான், என்னிடம் இருந்ததோ ஜிப் வைத்த பை.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
தன் பையிலிருந்தே சில்லறை எடுத்தாள்.
"இரண்டு பேருக்கு."
காசு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது,
கொஞ்சம் சூடாக.
ஓட்டுநர் பக்கம் நீட்டினேன்.

பின்னால் பை மூடியது.
மூடும் சத்தம் திறக்கும் சத்தத்தை விட மந்தம்.
அடுத்த அறுபதில்
அதைக் கவனிக்க வேண்டும்.